சென்னையிலிருந்து துபாய்க்குக் குடும்பத்தோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தில் ஒருவருக்கு துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. துணைவரும் பள்ளி வயதுப் பிள்ளைகளும் கூடப் போக வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால், பல வருடமாக நிலையாக இருப்பவற்றுக்கு மட்டுமே தொகை சொல்லியிருக்கிறோம்.

எல்லாரும் ஒரே விமானத்தில் போய்விடலாமா?

போகலாம், ஆனால் பெரும்பாலும் அது வீண் செலவு. காரணம் காகிதங்களின் வரிசை. வேலைக்குப் போகிறவருக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தின் அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி. ஐடி வந்தால்தான் வங்கியில் முழுமையான கணக்கு. கணக்கு இருந்தால்தான் செக் புத்தகம், செக் கொடுத்தால்தான் வருட வாடகைக்கு வீடு. வீட்டு ஒப்பந்தத்தை 'எஜாரி' என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்த பிறகுதான் குடும்ப விசாவுக்கு விண்ணப்பம். இதில் ஒரு கண்ணியைக்கூடத் தாண்டிக் குதிக்க முடியாது. அதனால் வேலைக்குப் போகிறவர் முன்னே போய், குடும்பம் இரண்டு மூன்று மாதம் கழித்துப் போவதுதான் சிரமமில்லாத வழி.

விசிட் விசாவில் குடும்பத்தையும் கூட்டிப்போய், அங்கேயே ரெசிடென்ஸ் விசாவாக மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. மாற்றத்துக்குத் தனிக் கட்டணம். அதற்குள் வீடு அமையாவிட்டால் விசிட் விசாவின் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். காலம் கடந்து தங்கினால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். நான்கு பேருக்கு ஒரு வாரம் என்று பெருக்கிப் பாருங்கள்.

குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய எவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும்?

மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி தரும் தங்குமிடமும். இது விசா கிடைப்பதற்கான அளவுதான். நான்கு பேர் அதில் துபாயில் குடித்தனம் நடத்த முடியாது. மனைவிக்குத்தான் வேலை என்றால் அவரும் ஸ்பான்சர் செய்யலாம். பிள்ளைகளைத் தாய் ஸ்பான்சர் செய்யும்போது தந்தையின் எழுத்துபூர்வமான சம்மதம் கேட்பார்கள். மகன்களுக்கு, திருமணமாகாதிருந்தால், 25 வயது வரை விசா எடுக்கலாம். திருமணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை.

கல்யாணச் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் எப்படி வாங்குவது?

முதலில் உங்களிடம் இருப்பது சான்றிதழ்தானா என்று பாருங்கள். கோயிலில் கொடுத்த ரசீது, மண்டபப் பத்திரிகை, போட்டோ எதுவும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கியதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பத்து வருடமாகப் பதியாமலே இருக்கிற இந்துத் தம்பதிகள், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் இப்போதும் பதியலாம். வேலை உறுதியானதும் தள்ளிப்போடாமல் அதைச் செய்துவிடுங்கள்.

பிறகு அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு அலுவலகங்கள் முத்திரையிடுவது. அதன் வரிசை இது: தமிழ்நாடு அரசின் உள்துறை முத்திரை, அதன்மேல் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன்மேல் அமீரகத் தூதரகத்தின் முத்திரை. கடைசியாக துபாய் போன பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இந்தக் கடைசிப் படிக்கு ஒரு சான்றிதழுக்கு 150 திர்ஹாம். அரபு மொழிபெயர்ப்பும் வேண்டும். அதை அங்கே உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம்.

வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் தனிநபர்களிடமிருந்து நேரடியாக வாங்குவதில்லை. அது நியமித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் போக வேண்டும். சென்னையில் அமீரகத் தூதரக அலுவலகம் கிடையாது. டெல்லியில் தூதரகம், மும்பை, திருவனந்தபுரம், ஹைதராபாத்தில் துணைத் தூதரகங்கள். உங்கள் அசல் சான்றிதழ் ஊர் ஊராகக் கூரியரில் சுற்றி வரும் என்பது தெரிந்தே இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரையும் ஸ்டிக்கரும் ஏறாது. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அன்றைக்கே லேமினேட் செய்துவைத்த வீடுகள் சென்னையில் ஏராளம். உரிக்க முயல வேண்டாம், மையும் கூடவே வந்துவிடும். சார்பதிவாளரிடம் சான்றிட்ட புதுப் பிரதி வாங்குவதே சுலபம்.

வேலைக்குப் போகிறவரின் பட்டச் சான்றிதழுக்கும் இதேபோன்ற பாதைதான். மாநில அளவில் மட்டும் உள்துறைக்குப் பதில் உயர்கல்வித் துறை. பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று கேட்டால் அதற்கே சில வாரங்கள் போய்விடும்.

'அப்போஸ்டில்' போட்டால் போதும் என்கிறார்களே?

வேறு நாட்டுக்குப் போன நண்பரோ ஓமன் போன மச்சானோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போஸ்டில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஸ்டிக்கர். அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அமீரகத்துக்குத் தூதரக முத்திரைதான் வேண்டும். ஏஜென்சியில் ஆவணத்தைக் கொடுக்கும்போதே எந்த நாட்டுக்கு என்று படிவத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். தவறான ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் புதுப் பிரதி வாங்கி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. பிரச்சினையா?

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'கிவன் நேம்' இடத்தில் கவிதா என்று எழுதி, 'சர்நேம்' இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட், டூரிஸ்ட் விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. அப்படியிருந்தும் ஏர்லைன்ஸ் கவுண்டரில் நிறுத்திக் கேட்பது நின்றபாடில்லை.

நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, இனிஷியலை விரித்து, தந்தை பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமில் சேர்த்துவிடுங்கள். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய மூன்று பாஸ்போர்ட் சேவா மையங்களில் எங்கே முதலில் தேதி கிடைக்கிறதோ அங்கே எடுங்கள்.

வரிசை இங்கேயும் முக்கியம். பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டுப் பிறகு மற்ற காகிதங்களுக்குப் போக வேண்டும். கல்யாணச் சான்றிதழில் 'கவிதா கே', பாஸ்போர்ட்டில் 'கவிதா', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் 'கவிதா சுரேஷ்' என்று இருந்தால், விசா அலுவலகத்தின் கண்ணில் அவர்கள் மூன்று பெண்கள். ஒரு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, பெயர், பிறந்த தேதி, ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு 'எச்' கூடுதலா குறைவா என்பதைக்கூட விடாதீர்கள். அரை மணி நேர வேலை.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. என்ன செய்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து பதிவானபோது 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும்; பெயர் சூட்டிய பிறகு சேர்க்க மறந்திருப்பீர்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு வரும் புதுச் சான்றிதழைத்தான் அட்டெஸ்டேஷனுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் பாருங்கள். பயணத்தன்று குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கிறது. அப்படியென்றால்?

மகாபலிபுரம் போகும் சாலை அல்ல. குடியேற்றச் சோதனை தேவை என்பதன் சுருக்கம். வேலைக்குப் போகிறவர் பத்தாம் வகுப்பு தேறாதவராக இருந்தால், அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போக முன் அனுமதி வாங்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு, சென்னையிலுள்ள குடியேற்றப் பாதுகாப்பாளர் அலுவலகம் வழியாக அனுமதி. பத்தாம் வகுப்பு தேறியிருந்தும் பாஸ்போர்ட்டில் இசிஆர் இருந்தால், மதிப்பெண் சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டில் நீக்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளின் படிப்பு கெடாமல் எப்போது போவது நல்லது?

மார்ச் கடைசி, அல்லது ஆகஸ்ட் கடைசி. துபாயின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி ஜூன் கடைசி வரை நடக்கும். ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. சென்னைப் பழக்கத்தில் மே மாத லீவு முடிந்து ஜூனில் போனால், பிள்ளை புது வகுப்பில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு இரண்டு மாதம் வெளியே 42 டிகிரி வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். பழகுவதற்கு ஒரு நண்பன்கூட இருக்க மாட்டான். குடும்பம் தாமதமாகப் போவதால் வரும் பிரிவைவிட இது பிள்ளைகளுக்குக் கடினம் என்பது எங்கள் கணிப்பு.

ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் கேஜி ஒன்றுக்கு மார்ச் 31-ல் 4 வயது, முதல் வகுப்புக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும். அரபி ஒரு பாடமாக உண்டு. தமிழை இரண்டாம் மொழியாக எல்லாப் பள்ளிகளும் தருவதில்லை; சேர்க்கும் முன் கேளுங்கள். துபாயின் கல்வி ஆணையமான கேஎச்டிஏ ஒவ்வொரு பள்ளிக்கும் தரமதிப்பீடு வெளியிடுகிறது. கட்டணமும் அங்கேயே இருக்கும்.

டிசி வாங்கும்போது, வெறும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வந்துவிடாதீர்கள். மாநிலப் பாடத்திட்டம் என்றால் கல்வி அலுவலரின் மேலொப்பம், சிபிஎஸ்இ என்றால் அண்ணா நகரிலுள்ள மண்டல அலுவலகத்தின் மேலொப்பம் கேட்பது வழக்கம். அதன்மேல் தூதரக முத்திரையும் வேண்டுமா என்பதை அங்குள்ள பள்ளியின் அட்மிஷன் மேஜையில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி அலுவலகம் பாதி நாள் பூட்டியிருக்கும். டிசியை அதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

சென்னையில் எதையெல்லாம் மூடிவிட்டுப் போக வேண்டும்?

கேஸ் கனெக்ஷனை ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், கனெக்ஷன் வவுச்சர் மூன்றும் வேண்டும். ரெகுலேட்டர் காணாமல் போன வீடுகள்தான் அதிகம். வாடகை வீடு என்றால், இங்கே மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், காலி செய்யும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரரோடு கணக்கு முடித்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுப் போகிறவர்கள், நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டுப் போவது நல்லது. துபாயிலிருந்து அதே பத்திரம் எழுத இந்தியத் துணைத் தூதரகம், கூரியர், இங்கே மறுபடி முத்திரை என்று இழுக்கும். நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும், குடியிருப்பவர் வாடகையில் வரி பிடித்துத்தான் தர வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு இருக்காது.

வங்கிச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்றச் சொல்லுங்கள். இது அன்னியச் செலாவணிச் சட்டப்படி கட்டாயம். துபாய்ச் சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துப்போகவும் தடை இல்லை.

எல்லாவற்றையும்விட அவசரம், சிம் கார்டு. வங்கி, ஆதார், வருமான வரித் தளம் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்புவதற்கு முன்பே, சென்னையில் இருக்கும்போதே சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிட்டு, குறைந்தபட்ச ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் கைவிட்டுப் போனால், அதை மீட்கவே ஒருமுறை ஊருக்கு வர வேண்டியிருக்கும்.

எந்த மாதத்தில் கிளம்பினால் வரி குறையும்?

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால்தான் இங்கே 'குடியிருப்பவர்'. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். அதனால் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்புகிறவருக்கு அந்த வருட துபாய்ச் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் இடையில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வந்து தங்கும் நாட்களும் கணக்கில் சேரும். நவம்பரில் கிளம்புகிறவர் அந்த வருடம் இரண்டு வருமானத்தையும் காட்ட வேண்டியிருக்கும்.

நகை, பணம் எவ்வளவு கொண்டுபோகலாம்?

இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரை. வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். 60,000 திர்ஹாமுக்கு மேல் கையில் இருந்தால் துபாயில் இறங்கும்போது அறிவிக்க வேண்டும்.

நகையைக் கொண்டுபோவதில் சிக்கல் இல்லை, திரும்பக் கொண்டுவருவதில்தான். இங்கேயே வாங்கிய நகைதான் என்று நிரூபிக்க முடியாவிட்டால் திரும்பும்போது சுங்க வரி கேட்பார்கள். கிளம்பும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடை, போட்டோ, மதிப்பீட்டுச் சான்று கையில் இருக்கட்டும். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். தாலி, வளையல், தோடு தவிர மற்றதை லாக்கரில் வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் யோசனை.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துப் போகலாமா?

சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளுக்குப் பயமில்லை. டாக்டர் சீட்டும் அட்டைப் பெட்டியும் கூட இருக்கட்டும். பிரித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், சரக்கறையில் உறைந்துவிடலாம்.

சிக்கல் தருபவை வேறு. முதுகு வலிக்குத் தெருமுனை மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையில் டிரமடால் இருக்கலாம். இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம். தூக்கத்துக்குத் தரும் அல்பிரஸோலம், குளோனசெபம், சர்க்கரைக்காரர்களின் நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரெகாபலின் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அனுமதியில்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்காகிவிடக்கூடும். அட்டையின் பின்புறச் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கம்பெனி வைத்த பெயரை நம்பாதீர்கள். தவிர்க்க முடியாதது என்றால் அமீரக அரசின் இணையச் சேவையில் முன் அனுமதி வாங்கலாம்.

சமையல் சாமான்களில் எதை எடுத்துப்போகக் கூடாது?

முதல் இடம் கசகசாவுக்கு. அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. நூறு கிராம் பாக்கெட்டைத் தவிர்த்துவிடுவீர்கள். ஆனால் அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியிலும், கடையில் வாங்கிய சில மசாலாக்களிலும் அது இருக்கும். கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வெற்றிலையும் துபாய்ச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் உண்டு. சமைத்த உணவும் அப்படியே. கறிக் குழம்பைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

விமானத்துக்கே ஆகாதவை வேறு: கற்பூரம் தீப்பிடிக்கும் பொருள், கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், தானே சூடேறக்கூடியது என்பதால் 2022 முதல் பெட்டியில் தடை. மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் வையுங்கள். நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. பெட்டியில் வைக்கும்போது பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். மேலே காற்றழுத்தம் குறையும்போது மூடி வழியாகக் கசிவது அதனால்தான். மூடியைக் கழற்றி, வாய்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்து வைத்து, மறுபடி மூடியைத் திருகி, இரண்டு கவரில் போட்டு, துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

அரிசி, பருப்பு, புளி, அப்பளம், இட்லி அரிசி எல்லாம் துபாயின் கராமா, பர் துபாய் பகுதிகளில் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு எடையை வீணாக்க வேண்டாம்.

கிரைண்டரை எடுத்துப் போகலாமா? தோசைக் கல்?

மின்சாரம் அங்கேயும் இதே வோல்டேஜ், இதே 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி, கிரைண்டர் எரியாது. பிளக் மட்டும் வேறு: மூன்று தட்டைப் பின். ஆனால் டேபிள் டாப் கிரைண்டர் கல்லோடு பத்துக் கிலோவுக்கு மேல் போகும், அங்கேயும் கிடைக்கும். மிக்ஸி மட்டும் போதும்.

அடுப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பல அடுக்குமாடிகளில் கேஸ் கிடையாது, தட்டையான மின்அடுப்பு. அடி உருண்ட வாணலி, அலுமினியச் சட்டி அதில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். எண்ணெய் காயவே காயாது. இண்டக்ஷன் என்றால் அலுமினியமும் பித்தளையும் சூடேறவே ஏறாது. ஒரு காந்தத்தை அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எடுத்துப் போகலாம். பழைய இரும்புத் தோசைக் கல் ஒட்டும். ஆனால் வருடக்கணக்கில் நெருப்பில் வளைந்து நடுவில் குழிந்திருந்தால் தோசை ஓரத்தில் வேகாது. ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

லக்கேஜ் எடையில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

டிக்கெட்டில் இரண்டு விதக் கணக்கு உண்டு. ஒன்று மொத்த எடை, ஆளுக்கு 30 கிலோ என்பதுபோல. எத்தனை பெட்டி என்பது பெரிதில்லை. இன்னொன்று பெட்டி எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 23 கிலோ என்பதுபோல. ஒன்றில் 25, இன்னொன்றில் 20 என்று ஈடுகட்ட முடியாது. உங்கள் டிக்கெட்டில் எது என்று பார்த்த பிறகே பெட்டி வாங்குங்கள். எந்தக் கணக்கானாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். குடும்பம் முழுவதும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், மொத்த எடைக் கணக்கில் பொதுவாகச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான். 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74 வாட்-ஹவர். 100-க்குள் இருந்தால் சரி. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்று மட்டும், அதையும் பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது என்று வைத்திருக்கிறது.

கிளம்பும் இரவில் எதைக் கவனிக்க வேண்டும்?

வண்டியை. அதிகாலை விமானம் என்றால் மெட்ரோ ஓடாத நேரம். ஆப்பில் வரும் கார்களில் பல சிஎன்ஜி. டிக்கியில் சிலிண்டர்தான் இருக்கும், இரண்டு பெட்டிகூட நுழையாது. நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் முதல் நாளே தெரிந்த டிராவல்ஸில் பெரிய வண்டி சொல்லுங்கள், 'கேரியர் இருக்கா' என்று கேட்டுவிட்டு. மீனம்பாக்கத்தில் சர்வதேசப் புறப்பாடு டெர்மினல் 2. மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வழியனுப்ப வருகிறவர்கள் உள்ளே வர முடியாது. அழுகையும் ஆசீர்வாதமும் வாசலோடு முடிய வேண்டும். அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒரு கோப்பு, கைப்பையில், உங்கள் தோளில். மேலிருந்து கீழாக: பாஸ்போர்ட்கள், விசா என்ட்ரி பர்மிட்டின் அச்சுப் பிரதி ஆளுக்கு இரண்டு, டிக்கெட், துபாய் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள், அட்டெஸ்டேஷன் ஆன அசல் சான்றிதழ்கள், டிசி, தடுப்பூசி அட்டை, வெள்ளைப் பின்னணியில் போட்டோக்கள். அசல் சான்றிதழ்களைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புவது பெரிய தப்பு. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலே வேலை நிற்கும்.

துபாயில் இறங்கியதும்?

நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். மெட்ரோவில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சிறிய பெட்டி மட்டும்; ராத்திரி ஓடாது. வரிசையில் நிற்கும் பெரிய வேன் டாக்சியைக் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து ஏறினால் மீட்டர் 25 திர்ஹாமில் ஆரம்பிக்கும், ஏமாற்று அல்ல.

உள்ளே வந்த 60 நாளுக்குள் ரெசிடென்ஸ் வேலைகளை முடிக்க வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தமும் மார்பு எக்ஸ்ரேயும், பிள்ளைகளுக்குக் கிடையாது. எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியும், கூடுதல் பரிசோதனைகள் வரும். சந்தேகம் இருந்தால் சென்னையிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்கு முன் சொல்லிவிட வேண்டும். விசா ஸ்டிக்கர் இப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. எமிரேட்ஸ் ஐடிதான் சான்று. துபாயில் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு ஸ்பான்சரின் பொறுப்பு. கம்பெனி உங்களுக்கு மட்டும்தான் தருகிறதா, வீட்டாருக்குமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

வீடு எடுக்க முதல் நாளில் எவ்வளவு பணம் வேண்டும்?

வாடகை வருடக் கணக்கு. ஒன்று, இரண்டு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முன்தேதியிட்ட செக்குகளாகக் கொடுப்பது வழக்கம். வருடம் 80,000 திர்ஹாம், நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 20,000. டெபாசிட் 5 சதவீதம், 4,000. ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், 4,000. அந்தக் கமிஷன்மேல் வாட் வரி 200. மின்சாரம், தண்ணீர் தரும் தேவா நிறுவனத்துக்கு அடுக்குமாடி டெபாசிட் 2,000. ஆக 30,200, எஜாரி கட்டணம் தனி. சாமான்களோடு உள்ள வீடு என்றால் டெபாசிட் 10 சதவீதம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் கமிஷன் திரும்பி வராது.

மாதாமாதம் தேவா பில்லில் 'ஹவுசிங் ஃபீ' என்று ஒரு வரி வரும். வருட வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தது; மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 333 திர்ஹாம். ஏசிக்கு மையக் குளிரூட்டல் இருந்தால் அதற்கு வேறு பில். விளம்பரத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்று இருந்தால் அந்தச் செலவு வீட்டுக்காரருடையது. ஜனவரியில் வீடு பார்க்கிறவர்கள் இதைக் கேட்க மறந்து, ஜூலையில் கணக்குப் பார்ப்பார்கள்.

சென்னை லைசென்ஸில் கார் ஓட்டலாமா?

ரெசிடென்ஸ் விசா வந்த பிறகு முடியாது. இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தருவதில்லை, தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். வலதுபுறம் ஓட்டும் ஊர் என்பதும் இருக்கிறது. முதல் சில மாதம் மெட்ரோவுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள்.

தாத்தா பாட்டியோடு வாட்ஸ்அப்பில் வீடியோ பேசலாமா?

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாய்ஸ் காலும் வீடியோ காலும் போகாது. அனுமதியுள்ள ஆப்கள் சில உண்டு. கூகுள் மீட், ஜூம் வேலை செய்யும். கிளம்பும் முன்பே தாத்தாவின் போனில் அதை ஏற்றி, பக்கத்து அறையிலிருந்து நான்கைந்து முறை அழைத்துப் பழக்கிவிடுங்கள். போன பிறகு தொலைபேசி வழியாகச் சொல்லிக்கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் பொறுமையைச் சோதிக்கும்.

பிரசவத்துக்கு ஊருக்கு வந்தால் விசா என்ன ஆகும்?

அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இருந்தால் ரெசிடென்ஸ் காலாவதியாகும். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்து, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபின் திரும்பலாம் என்று போடும் கணக்கு இதைத் தாண்டிவிடும். 28 வாரம் கடந்தால் விமானத்தில் ஏற்ற டாக்டர் கடிதம் கேட்பார்கள், ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் வரம்பும் மாறும். சென்னையில் பிறந்த குழந்தைக்குப் பெயரோடு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அட்டெஸ்டேஷன், என்ட்ரி பர்மிட் என்று முழு வரிசையும் முதலிலிருந்து வரும். அதற்கே இரண்டு மாதம் பிடிக்கலாம். ஆகவே குழந்தைக்குப் பெயரை முன்பே முடிவு செய்து, டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிடுங்கள், இனிஷியலை விரித்து.